பச்சைத் துளை

கேரளத்தின் தென்கோடிக் கடற்கரை ஊர் பொழியூர். அதன் மணலில் தென்கிழக்கே நடந்தால், குறுக்கே ஒரு வேலியும் வராமலேயே நீரோடி வந்துவிடும். அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. ‘பொழி’ என்றால் ஆறோ காயலோ கடலைத் தொடும் வாய். கோடையில் அலை மணலைக் குவித்து அந்த வாயை அடைத்துவிடும். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் ஏறியதும் மண்வெட்டியோடு போய் மணலை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பொழி முறித்தல் என்று பெயர். ஒரு சின்னக் கால் வெட்டினால் போதும். மேட்டுத் தண்ணீர் மிச்ச மணலைத் தானே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும்.

வீட்டுக் கணினியின் முதுகிலும் அப்படியொரு வாய் உண்டு. பச்சை வளையம் போட்ட, மூன்றரை மில்லிமீட்டர் துளை. ஸ்பீக்கர் ஒயரின் பச்சை முனையை அதில் செருகினால் பாட்டு வரும். பெட்டிக்குள் இருக்கும் மற்றதெல்லாம் ஐந்தாறு வருடத்தில் பழசாகிப் போகும். இந்தத் துளையின் வம்சம் மட்டும் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போகிறது. அந்த வம்சத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் உண்டு, கிராமபோன் உண்டு, தேவாலயத் திருவிழாவின் மைக்செட் உண்டு, வளைகுடாவிலிருந்து வந்த டூ-இன்-ஒன் உண்டு. கணினி அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

பொழியூரும் நீரோடியும் ஒரே திருவிதாங்கூரில் இருந்த ஊர்கள். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரையையும் சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, அது நடக்கவில்லை. ஆகவே எல்லைக்கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே புகுந்து, கடற்கரையில் பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே இறங்கியது. ஆனால் மறைமாவட்டக் கோடு அசையவில்லை. நீரோடி முதல் தூத்தூர் வரையிலான தமிழ்நாட்டுக் கரைப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. அரசாங்கம் ஒரு பக்கம், ஆயர் ஒரு பக்கம்.

ஒலிக்கும் அந்தக் கோடு பொருட்டாக இருக்கவில்லை. 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் தொடங்கியது. 1950-ல் அகில இந்திய வானொலி அதை எடுத்துக்கொண்டது. கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி வந்தது. 1984-ல் நாகர்கோவிலில் உள்ளூர் வானொலி நிலையம் வந்தது. மலையாளச் செய்தி ஒரு திருகில், தமிழ்ப் பாட்டு மறு திருகில். தமிழில் ‘ஓசை’ என்பதும் மலையாளத்தில் ‘ஒச்ச’ என்பதும் ஒரே சொல்தான் என்பதை இந்தக் கரைக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு வானொலிக்கு வெளியே, ஊருக்கே பொதுவான ஒலி என்றால் அது மைக்செட். தென்னை மரத்தின் உச்சியில் கட்டிய கூம்பு வடிவக் குழாய். மலையாளத்தில் அதற்குக் ‘கோளாம்பி’ என்று பெயர். வெற்றிலை எச்சில் துப்பும் படிக்கத்தின் பெயர் அது. வாய் அகன்ற பித்தளைப் பாத்திரத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தவர் யாரோ வைத்த பெயராக இருக்க வேண்டும். தமிழில் ‘குழாய்’ என்று சப்பென்று சொல்லிவிட்டோம். இந்த விஷயத்தில் மலையாளி ஜெயித்துவிட்டார்.

குழாயின் பலமும் பலவீனமும் ஒன்றுதான். அதன் அடியில் இருக்கும் ‘யூனிட்’ என்ற சின்ன அதிர்வுப் பெட்டி சில வாட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, கூம்பின் உதவியால் மனிதக் குரலை வெகுதூரம் எறியும். கடற்காற்றைத் தாண்டி அறிவிப்பு கேட்க வேண்டிய கரைக்கு அதைவிடத் தோதான கருவி கிடையாது. தாழ்ந்த சுரங்கள் மட்டும் அதில் வராது. தவிலும் தபேலாவும் தகரத்தில் தட்டியதுபோல் கேட்கும். ஐம்பது வருடம் தமிழகமும் கேரளமும் திரைப்பாட்டைப் பெரும்பாலும் இந்தத் தகரத்தின் வழியாகத்தான் கேட்டன என்பதை நினைத்தால், பாட்டைப் போட்டவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

மைக்செட்காரருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுண்டு. பிற்காலத்தில் கணினிக்கு ஸ்பீக்கர் மாட்டிய பலருக்கு அது தெரியாது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குழாய்க்கு ஒயர் இழுத்தால், வழியிலேயே சக்தி கரைந்துவிடும். அதனால் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை இருக்கும். மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, ஒவ்வொரு குழாயின் காலடியிலும் ‘எல்எம்டி’ என்ற சின்ன டிரான்ஸ்ஃபார்மரை வைத்து இறக்கிக்கொள்வார்கள். எந்த முனையை எதோடு சேர்க்கலாம், எதோடு சேர்த்தால் யூனிட் போய்விடும் என்பதுதான் தொழிலின் பாதி. 1940-ல் தொடங்கிய டெல்லி அகுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர்கள் இந்தியா முழுக்க இந்தத் தொழிலின் அகராதியாகவே ஆகிவிட்டன: மைக், ஆக்ஸ், லைன் என்ற சொற்களை மைக்செட்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டிகளின் முகப்பிலிருந்தே படித்தார்கள். மைக் துளைக்குள் வருவது மிக மெல்லிய மின்சாரம். பெட்டி அதைப் பல மடங்கு பெருக்கும். ஆக்ஸ் துளைக்கு வருவது ஓரளவு வளர்ந்த மின்சாரம். ஆக்ஸில் செருக வேண்டியதை மைக்கில் செருகினால் பாட்டு உடைந்து அலறும். மைக்கை ஆக்ஸில் செருகினால் பாதிரியாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். பொழியின் இரண்டு பக்கத்து நீர்மட்டம் தெரியாமல் மணலை வெட்டுகிற கதைதான்.

அந்த மைக் ஒயரின் முனையில் இருக்கும் தடித்த பின்னை மின்னணுக் கடைகளில் ‘பி-38’ என்று கேட்டு வாங்குவார்கள். கால் அங்குலம் தடிமன். அதுதான் பச்சைத் துளைக்குக் கொள்ளுத்தாத்தா.

1878-ல் அமெரிக்காவில் முதல் வணிக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நியூ ஹேவனில் திறந்தது. பேச விரும்புகிற இருவரை ஆபரேட்டர்கள் பலகையின் முன் உட்கார்ந்து ஒயரால் இணைத்தார்கள். நாளுக்கு ஆயிரம் முறை செருகிப் பிடுங்கினாலும் தேயாத, இருட்டிலும் கை தேடிப் போகிற ஒரு முனை வேண்டியிருந்தது. சிகாகோவில் சார்லஸ் ஸ்க்ரிப்னர் வடிவமைத்த இணைப்பான் மடக்குக் கத்திபோல் இருந்ததால் ‘ஜாக்நைஃப்’ என்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் ‘ஜாக்’. எக்ஸ்சேஞ்ச் பலகைகள் காயலான் கடைக்குப் போன பிறகும் அந்த முனை சாகவில்லை. மைக்குக்கு வந்தது, கிடாருக்கு வந்தது. ஜப்பானிய டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் சட்டைப்பைக்கு ஏற்ப அதைச் சுருக்கியபோது மூன்றரை மில்லிமீட்டர் ஆனது. 1979-ல் சோனியின் வாக்மேன் அந்தச் சின்ன முனையை உலகத்தின் காதுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. நம் கடைகளில் அதற்கு ‘ஈபி பின்’ என்று பெயர். இயர்போனின் சுருக்கம்.

கேரளக் கரைக்கும் குமரிக் கரைக்கும் அந்த ஈபி பின் விமானத்தில் வந்தது. 1970-களில் தொடங்கிய வளைகுடாப் பயணம் வீட்டுக்கு வீடு ஒரு டூ-இன்-ஒன்னைக் கொண்டுவந்து சேர்த்தது. நேஷனல் பானசோனிக், சான்யோ, ஷார்ப் என்று நெற்றியில் எழுதிய, ரேடியோவும் டேப்பும் ஒன்றான பெட்டி. பாட்டு கேட்க மட்டும் வந்ததில்லை அது. எழுத்து வராத அம்மாவும் எழுத நேரமில்லாத மகனும் கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்டார்கள். ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஊர்ச் செய்தி, குழந்தையின் மழலை, நடுவே கோழி கூவுவது, கடைசியில் அழுகை. போகிறவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினால் தபால் செலவும் மிச்சம்.

அந்தப் பெட்டியின் பின்புறத்தில் பலரும் தொட்டே பார்க்காத துளைகள் இருந்தன. சிலவற்றில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ துளைகள். கிராமபோனை ரேடியோவோடு சேர்க்க 1930-களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் கொண்டுவந்த வடிவம் அது. சிலவற்றில் ஐந்து ஊசி வட்டமாக நிற்கும் ஜெர்மானிய ‘டின்’ துளை. ஒரு வேடிக்கை: டேப் ரெக்கார்டருக்காகப் பிறந்த அதே ஐந்தூசி டின் முனையைத்தான் ஐபிஎம் தன் கணினியின் விசைப்பலகைக்கு எடுத்துக்கொண்டது. கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்த ரேடியோ மெக்கானிக்குக்கு அது தெரிந்த முகமாகத்தான் இருந்திருக்கும்.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. வீட்டுக் கணினி முதன்முதலில் ஒலிக்கருவியோடு பேசியது பாட்டுக்காகவே கிடையாது. 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் முதுகில், விசைப்பலகைத் துளைக்குப் பக்கத்திலேயே, கேசட் ரெக்கார்டருக்கென்று இன்னொரு டின் துளை இருந்தது. நிரல்களை ஒலியாக மாற்றி நாடாவில் பதிந்து வைக்கத்தான் அது. அடுத்த ஆண்டு பிரிட்டனில் வந்த ஸின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தில் ‘இயர்’, ‘மைக்’ என்று இரண்டு ஈபி துளைகள். புனேயின் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் அதையே ‘டிபி ஸ்பெக்ட்ரம்+’ என்று இந்தியாவில் விற்றது. விளையாட்டு ஒன்றை ஏற்ற வேண்டுமென்றால் வீட்டு டேப்பை அதனோடு இணைத்து, கேசட்டை ஓடவிட்டு, சில நிமிடம் அந்தக் கீச்சொலியோடு காத்திருக்க வேண்டும். டேப்பின் வால்யூம் கூடினாலும் தவறு, குறைந்தாலும் தவறு. கடைசி நொடியில் பிழை என்று திரை சொன்னால் முதலிலிருந்து சுற்ற வேண்டும். நடுவண் அரசு 1984-ல் ‘கிளாஸ்’ என்ற பெயரில் ஏறத்தாழ 250 பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கியபோது வந்திறங்கிய பிபிசி மைக்ரோவும் கேசட்டோடு பழகிய இயந்திரம்தான்.

ஆனால் கணினி தானாகப் பாடுவதென்றால் அந்தக் காலத்தில் அது ஊமைதான். ஐபிஎம் பிசியின் வயிற்றுக்குள் இருந்த இரண்டேகால் அங்குல ஸ்பீக்கருக்குத் தெரிந்தது இரண்டே நிலை: மின்சாரம் உண்டு, மின்சாரம் இல்லை. அதை வேகமாக மாற்றி மாற்றிப் ‘பீப்’ எழுப்பினார்கள். வெளியே ஸ்பீக்கர் மாட்ட ஒரு துளைகூட இல்லை. கணக்கு எழுதுகிற பெட்டிக்குப் பாட்டு எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

1987-ல் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆட்லிப் என்ற அட்டை வந்தது. இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் ப்ரெவல் தொடங்கிய நிறுவனம். யமஹாவின் ஒரு சில்லு, அதில் ஒன்பது குரல்கள். அட்டையின் விளிம்பில் இருந்த ஒலித்துளை எந்த அளவு தெரியுமா? கால் அங்குலம். கணினிக்கு வெட்டிய அந்தப் பொழி மைக்செட்காரரின் பி-38 அளவிலேயே இருந்தது. பின்னால் வந்த பதிப்புகளில்தான் அது சுருங்கியது.

ஆட்லிப்பை அடித்து வீழ்த்தியவர் சிங்கப்பூர்க்காரர். சிம் வொங் ஹூ 1981-ல் அங்கே பேர்ல்ஸ் சென்டர் என்ற கட்டடத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்து கிரியேட்டிவ் டெக்னாலஜியைத் தொடங்கினார். சீன மொழி பேசும் கணினி செய்து பார்த்தார்; அது போணியாகவில்லை. அந்தத் தோல்வியில் மிஞ்சிய ஒலி அறிவை ஓர் அட்டைக்குள் அடக்கினார். 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தது. ஆட்லிப்பின் அதே யமஹா சில்லு, அதோடு பதிவு செய்த குரலை ஒலிக்கவும் புதிதாகப் பதியவும் வழி, விளையாட்டுக் கைப்பிடிக்கு ஒரு துளை. மூன்று வருடத்தில் ஆட்லிப் திவாலானது. கிரியேட்டிவ் அதே 1992-ல் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் ஏறியது. சிம் 2023 ஜனவரியில் காலமானார். ஆசியாவின் ஒரு ரிப்பேர் கடையிலிருந்து உலகக் கணினிகளுக்கெல்லாம் தொண்டை கிடைத்தது என்பது சிலிகான் பள்ளத்தாக்குக் கதைகளில் அடிக்கடி அடிக்குறிப்பாகிவிடுகிறது.

சவுண்ட் பிளாஸ்டர் 16 போன்ற அட்டைகளின் ஒரு குணம் மைக்செட் மரபினருக்குப் பிடித்திருக்கும். அட்டைக்குள்ளேயே சிறிய ஆம்ப்ளிஃபயர் இருந்தது. ஒரு பக்கத்துக்கு நான்கு வாட். பெட்டியில்லாத வெறும் ஸ்பீக்கரை நேரே மாட்டினாலும் பாடும். வீட்டு ஸ்டீரியோவின் ஆக்ஸில் செருக வேண்டுமென்றால் அட்டையில் இருந்த ஒரு ‘ஜம்பர்’ துண்டை நகர்த்தி அந்த ஆம்ப்ளிஃபயரை ஒதுக்க வேண்டும். நகர்த்தாமல் செருகியவர்களுக்கு இரைச்சல் இலவசம்.

இணைப்புகளில் இன்னொரு மறந்துபோன ஒயர் உண்டு. சிடி டிரைவின் முதுகிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகிற நான்கு ஊசி ஒயர். அசெம்பிள் செய்தவர் அதை மாட்ட மறந்தால் விளையாட்டில் ஒலி வரும், எம்பி3 பாடும், ஆனால் ஆடியோ சிடி மட்டும் சத்தமில்லாமல் சுழலும். கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், அவர் மூடியைத் திறந்து ஒரு விரலால் அழுத்திவிட்டுச் சிரிப்பார். ‘ஒச்ச கேக்கல்லியே’ என்று பதறிய வீட்டுக்காரருக்கு அந்தச் சிரிப்பைத் தாங்குவதுதான் கஷ்டம்.

சுருக்கிய பாட்டுக் கோப்புக்கு எம்பி3 என்ற மூன்றெழுத்துப் பெயரை ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வாளர்கள் 1995 ஜூலையில் முடிவு செய்தார்கள். 1997-ல் அந்தக் கோப்புகளைப் பாடவைக்கும் வின்ஆம்ப் மென்பொருள் வந்தது. அதன்பிறகு நடந்ததை மைக்செட் தொழிலின் கண்ணால் பார்க்க வேண்டும். முதலில் இசைத்தட்டுப் பெட்டி, பிறகு கேசட் பெட்டி, இரண்டுமே ஆள் வைத்துத் தூக்க வேண்டிய சுமை. இப்போது ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு. பச்சைத் துளையிலிருந்து ஒரு ‘ஈபி-டு-ஆர்சிஏ’ ஒயர், அதன் மறுமுனை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸில். கேசட் பதிவுக் கடைகளின் நோட்டுப் புத்தகப் பாட்டுப் பட்டியல் கணினியின் ஃபோல்டராக மாறியது. தொழில் மாறவில்லை, தூக்குகிற சுமை மட்டும் குறைந்தது. அதே காலத்தில்தான் குழாயும் இறங்கத் தொடங்கியது. 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரவு பத்து முதல் காலை ஆறு வரையிலான கட்டுப்பாட்டை அழுத்தமாக உறுதி செய்தது. கோளாம்பியின் இடத்தைக் கறுப்புப் பெட்டிகள் பிடித்தன. அவற்றில் தாழ்ந்த சுரம் வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து பாடியது.

கணினியின் பக்கத்திலும் கறுப்புப் பெட்டிகள் வந்தன. இன்டெல் 1997-ல் வகுத்த ஏசி’97 என்ற முறை சவுண்ட் கார்டை மதர்போர்டுக்குள் கரைத்துவிட்டது. தனியாக அட்டை வாங்க வேண்டிய தேவை பெரும்பாலானோருக்குப் போயிற்று. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து எழுதிய ‘பிசி 99’ வழிகாட்டி துளைகளுக்கு நிறம் கொடுத்தது: ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு, வெளியிலிருந்து ஒலி உள்ளே வர இளநீலம். ஆங்கிலச் சிற்றெழுத்தைப் படிக்க முடியாதவருக்கும் நிறம் புரியும். இவ்வளவு எளிய உபகாரத்துக்குக் கணினி உலகம் பதினெட்டு வருடம் எடுத்துக்கொண்டது.

மூன்றில் நீலத் துளைதான் அநாதை. பெரும்பாலோர் அதை ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் அதன் அருமை தெரிந்தவர்கள் உண்டு. பழைய டூ-இன்-ஒன்னின் இயர்போன் துளையிலிருந்து இந்த நீலத்துக்கு ஒரு ஒயர் போட்டால் கேசட் கணினிக்குள் ஏறிவிடும். கல்யாணக் கேசட், பள்ளி நாடகம், துபாய்க்குப் போய்த் திரும்பிய அந்தக் குரல் கடிதங்கள். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடமும் உட்கார வேண்டும்; வேகப்படுத்த வழி கிடையாது. பூஞ்சை பிடித்த நாடாவில் அம்மாவின் குரல் நீந்தி நீந்தி வரும். அங்கே இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளை ஓட்டினால் பின்னணியில் கூவிய கோழியும் சேர்ந்து போய்விடும் என்பதால், இரைச்சலோடு விட்டவர்கள் புத்திசாலிகள்.

2000-களின் வீடுகளில் வந்து உட்கார்ந்தது ‘2.1’ செட். இரண்டு சின்ன ஸ்பீக்கர், மேசைக்கடியில் ஒரு ஊஃபர் பெட்டி. சென்னையின் ஜெப்ரானிக்ஸ் உட்படப் பல இந்திய நிறுவனங்கள் இந்தச் சந்தையில் வளர்ந்தன. மூடியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது டிடிஏ2030 அல்லது அதன் சொந்தக்கார சில்லு, ரேடியோ மெக்கானிக்குகளுக்கு நீண்ட நாள் பழக்கமானது. வெளியே அட்டைப்பெட்டியில் மட்டும் ‘ஆயிரம் வாட் பிஎம்பிஓ’ என்று எழுதியிருக்கும். அரை ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட கருவி ஆயிரம் வாட்டை எங்கிருந்து வாங்கும் என்று எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை. ஒரு மைக்ரோ நொடிக்குக் கற்பனையில் எட்டக்கூடிய உச்சத்தைக் கணக்கிட்டு எழுதும் எண் அது. மைக்செட்காரர்கள் அதைப் படித்துச் சிரித்திருப்பார்கள். அவர்களுடைய 100 வாட் உண்மையிலேயே 100 வாட்.

அந்த நாட்களின் கோளாறுகள் தனிப் புராணம். பெட்டி டிவி போன்ற பழைய மானிட்டரின் பக்கத்தில் கவசமில்லாத ஸ்பீக்கரை வைத்தால், அதன் காந்தம் திரையின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகக் கறை படிய வைக்கும். ‘டீகாஸ்’ பொத்தானை அமுக்கினால் திரை ஒரு குலுங்கு குலுங்கிக் கறை போகும். ஸ்பீக்கரை நகர்த்தாவிட்டால் மறுநாள் திரும்பி வரும். செல்போனை மேசைமேல் வைத்தால், அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே ஸ்பீக்கர் ‘டிட்டிட்-டிட்டிட்’ என்று சொல்லிவிடும். ஜிஎஸ்எம் போன் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அனுப்பும் அலையை ஸ்பீக்கர் ஒயர் ஆன்டெனாவாக வாங்கிக்கொண்டதன் விளைவு. யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்பது போனுக்கு முன் ஸ்பீக்கருக்குத் தெரிந்த காலம் அது.

எல்லாவற்றிலும் பிடிவாதமானது ‘உம்ம்’ என்ற முனகல். நொடிக்கு 50 சுழற்சியாக ஓடும் நம் மின்சாரத்தின் சொந்தக் குரல். ஆம்ப்ளிஃபயரில் ஃபில்டர் கண்டென்சர் செத்திருந்தால் வரும். அதை மாற்றினால் போகும். 1973-ல் தொடங்கிய கேரள அரசின் கெல்ட்ரான் செய்த கண்டென்சர்கள் அந்தக் காலத்து மெக்கானிக் மேசைகளில் சர்வசாதாரணம். கணினி ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கிலும் இருந்தால் கண்டென்சர் மாற்றினாலும் முனகல் போகாது. இரண்டு எர்த் வழிகளுக்கும் நடுவே சின்ன மின்னழுத்த வித்தியாசம். அதைச் சமன் செய்ய மின்சாரம் பாட்டு ஒயரின் வெளி உறை வழியாக ஓடும். பொழியில் நடப்பதேதான், இங்கே யாரும் விரும்பாத வெள்ளம். இரண்டையும் ஒரே பலகையில் செருகுவது சரியான மருந்து. எர்த் ஊசியை வெட்டிவிட்டுச் சத்தம் நின்றது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. சத்தம் மட்டுமல்ல, ஷாக் அடித்தால் காப்பாற்றுகிற வழியும் நின்றுவிட்டது.

கடற்கரைக்கு இன்னொரு எதிரி உப்பு. காற்றில் வரும் உப்பீரம் துளைக்குள் இருக்கும் உலோக நாக்கில் படிந்தால், பாட்டில் கரகரப்பு வரும். ஒரு பக்கம் ஸ்பீக்கர் நின்றுபோகும். பின்னைக் கொஞ்சம் திருகினால் திரும்பி வரும். உள்நாட்டு ஊரில் நாலு வருடம் தாங்குகிற துளை அலைக்கரையில் அவ்வளவு தாங்காது. தங்கமுலாம் பூசிய பின் விலை கூடுதல், அங்கேதான் அது உண்மையில் தேவை.

எல்லைக்கோடு இந்த இணைப்புகளுக்குள் நுழைந்தது அரசுத் திட்டங்கள் வழியாகத்தான். தமிழ்நாட்டில் 2006 செப்டம்பரில் மு. கருணாநிதி அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் ஜெ. ஜெயலலிதா அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தந்தது. மடிக்கணினியின் கொசுக்குரல் ஸ்பீக்கர் போதாது என்றால், அதன் ஈபி துளையிலிருந்து ஆர்சிஏ ஒயர் போட்டு டிவியின் ஏவி துளையில் செருகலாம். கணினி ஒரு முதல்வரின் கொடை, ஸ்பீக்கர் இன்னொரு முதல்வரின் கொடை. சட்டமன்றத்தில் நடக்காத கூட்டணி அந்த ஒயரில் நடக்கும்.

கேரளம் வேறு வழியில் போனது. 2001-ல் தொடங்கிய ‘ஐடி@ஸ்கூல்’ திட்டம் அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு, லினக்ஸுக்கு, மாற்றியது. உரிமப் பணம் மிச்சம், பாராட்டத்தக்க முடிவு. ஆனால் ஒலி விஷயத்தில் லினக்ஸ் அப்போது கொஞ்சம் முரட்டுப் பிள்ளை. ‘ஆல்சா’ என்ற அதன் ஒலி அமைப்பு நிறுவியவுடன் எல்லா ஒலி வழிகளையும் மூடியே வைத்திருக்கும். பச்சைத் துளையில் பின் சரியாக இருக்கும், ஸ்பீக்கரில் விளக்கு எரியும், சத்தம் மட்டும் வராது. கறுப்புத் திரையில் ‘ஆல்சாமிக்ஸர்’ என்று தட்டி, பட்டையின் கீழே ‘எம்எம்’ என்று நிற்பதைத் தேடி, எம் விசையை ஒருமுறை அமுக்க வேண்டும். மணலில் முதல் மண்வெட்டி விழுந்த மாதிரி ஒலி பொத்துக்கொண்டு வரும்.

திட்டத்தின் வாரிசாக 2017-ல் ‘கைட்’ நிறுவனம் வந்தது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளையும் உதவி பெறும் பள்ளிகளையும் அது ஹைடெக் ஆக்கியபோது வகுப்பறைகளுக்குப் போன பொருள் பட்டியலில் மடிக்கணினி, புரொஜெக்டரோடு யுஎஸ்பி ஸ்பீக்கர்களும் இருந்தன. ஒரு லட்சத்துக்கும் மேல். உலகம் அப்போது ஒயரையே கைகழுவிக்கொண்டிருந்தது. 2016 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் 7-ல் ஈபி துளையை எடுத்துவிட்டது. புளூடூத் பெட்டிகள் மலிந்தன. தேவாலய மிக்ஸர்களிலும் பென்டிரைவ் செருக ஒரு வாய், போனைப் பிடிக்க ஒரு நீல விளக்கு.

கடையில் நூற்றுக்கணக்கில் தொங்கும் மலிவு ‘யுஎஸ்பி ஸ்பீக்கர்’ ஒன்றை வாங்கிப் பிரித்தால், பெரும்பாலும் அதிலிருந்து இரண்டு ஒயர்கள் தொங்கும். தட்டையான யுஎஸ்பி முனை மின்சாரம் வாங்க மட்டும். பாட்டு வருவது இன்னொன்றின் வழியாக; அதன் நுனியில் பச்சைப் பிளாஸ்டிக் உறை போட்ட ஈபி பின்.